இளம்பெண்ணுக்கு எச்.ஐ.வி. வரும் வழி

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் இருபதைத் தொடும் முன்பே எச்.ஐ.வி. தொற்றிவிடும் பெண்கள் ஏராளம். அதே வயதுப் பையன்களிடம் அவ்வளவு தொற்று இல்லை. அப்படியானால் அது எங்கிருந்து வந்தது?

துலியோ டி ஒலிவேரா, சலீம் அப்துல் கரீம், குரைஷா அப்துல் கரீம் ஆகியோரின் ஆய்வுக் குழு இதற்கான விடையை ரத்தத்தில் தேடியது. தொற்றுள்ளோரின் வைரஸ் மரபணுக்களை ஒப்பிட்டால், யாருடைய வைரஸ் யாருடையதை ஒத்திருக்கிறது என்பது தெரியும். முடிவு 2016-இல் டர்பன் எய்ட்ஸ் மாநாட்டில் வெளியானது. 25 வயதுக்குட்பட்ட பெண்களின் வைரஸோடு ஒத்துப்போன ஆண்கள் சராசரியாக 8.7 வயது மூத்தவர்கள். அந்த ஆண்களுக்கோ தொற்று பெரும்பாலும் தங்கள் வயதுப் பெண்களிடமிருந்து வந்திருக்கிறது. இன்றைய சிறுமி முப்பதை எட்டும்போது அவளிடமிருந்து அவள் வயது ஆணுக்கு, அவனிடமிருந்து இன்னொரு சிறுமிக்கு என்று சுற்று ஓயாமல் தொடர்கிறது.

மூத்த ஆண்களிடம் ஏன் ஆபத்து அதிகம்? வயது கூடக்கூட ஒருவருக்குத் தொற்று ஏற்பட்டிருக்கும் வாய்ப்பும் கூடுகிறது. ஆண்கள் பரிசோதனைக்கு வரத் தயங்குவதால் பலருக்குத் தங்கள் நிலையே தெரியாது. இதோடு பணமும் சேர்கிறது. கல்விக் கட்டணத்தையும் போன் செலவையும் ஏற்பவரிடம் ஆணுறையை வற்புறுத்த ஒரு மாணவிக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

அதே மாகாணத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இளம்பெண்களைத் தொடர்ந்து கவனித்து, 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று வேறு விதமாகச் சொன்னது: துணைவரின் வயது இடைவெளிக்கும் தொற்று அபாயத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. இதை ஒதுக்கிவிடக் கூடாது. தொற்று இவ்வளவு பரவிய ஊரில் சமவயதுக் காதலனும் பாதுகாப்பு ஆகிவிடமாட்டான்.

மேற்குக் கென்யாவில் பொருளியலாளர் பாஸ்கலின் டூபா, எந்த வயது ஆண்களிடம் எவ்வளவு தொற்று என்ற கணக்கைப் பள்ளி மாணவிகளிடம் சொல்ல வைத்தார். ஒரு வகுப்பு நேரப் பேச்சுதான். அந்தப் பள்ளிகளில் மாணவியர் கர்ப்பமாவது 28 சதவீதம் குறைந்தது. வயதில் மூத்த ஆண்களுடனான பாதுகாப்பற்ற உறவு குறைந்ததன் அடையாளம் அது. தெரிந்தால் பெண்கள் தாங்களே முடிவெடுக்கிறார்கள்.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் அவர்கள் தலையில் கட்டுவது அநியாயம். எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை முறையாக எடுத்து, வைரஸைக் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைத்துக்கொண்ட ஆணிடமிருந்து உடலுறவு வழியே தொற்று பரவாது. 25 முதல் 40 வயது ஆண்களுக்கு, வேலை முடிந்து வரும் நேரத்தில் பரிசோதனையும் மருந்தும் கிடைக்கச் செய்வது அரசுகளின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.