'வயசாயிட்டா அப்படித்தான்' என்று விட்டுவிடலாமா?

புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் காயைக் கையில் எடுத்ததுமே விலை சொல்லிவிடும் ஒரு பெரியவர், கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடினால் அது வயதின் மறதி. நூறு ரூபாய்க்கு மீதி கொடுக்கத் தெரியாமல் விழித்தாலோ, தினமும் நடக்கிற தெருவில் நின்று வீட்டுக்கு வழி கேட்டாலோ விஷயம் வேறு. வீட்டில் 'வயசாயிட்டா அப்படித்தான்' என்பார்கள். பக்கத்து வீட்டில் 'புத்தி பெரண்டுபோச்சு' என்பார்கள். இரண்டும் தப்பு.

நினைவு, கணக்கு, பேச்சு, நிதானம் எல்லாம் அன்றாட வேலையே கெடும் அளவுக்குக் குறைவதைத்தான் டிமென்ஷியா என்கிறார்கள். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு இது இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

இதில் அதிகம் காணப்படுவது அல்சைமர். ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906-ல் விவரித்தது. காலையில் சாப்பிட்டது மறந்துபோகும். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய கல்யாணப் பந்தி அப்படியே நினைவிருக்கும். முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸுக்கு வந்ததும் இதுதான்.

நம் பக்கத்தில் அதிகம் கவலைப்பட வேண்டியது ரத்தக்குழாய் டிமென்ஷியா என்பேன். சர்க்கரையும் பிரஷரும் மூளையின் ரத்தக்குழாய்களைக் கெடுக்க, ஒவ்வொரு பக்கவாதத்துக்குப் பிறகும் ஆள் ஒரு படி இறங்குவார். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீடு தேடிக் கொண்டுவரும் பிரஷர் மாத்திரை இதயத்துக்கு மட்டுமல்ல, மூளைக்கும் காவல். 'இப்ப நல்லாத்தானே இருக்கேன்' என்று பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் எத்தனை பேர்!

லூயி பாடி என்ற டிமென்ஷியா வகையில், இல்லாத பிள்ளைகள் திண்ணையில் விளையாடுவதாகச் சொல்வார்; உடம்பு இறுகும், நடை தளரும். பேய் என்று மந்திரிக்கக் கூட்டிப்போவதும் உண்டு. இவர்களுக்குச் சில மனநோய் மாத்திரைகள் ஆபத்தாகவே முடியலாம். முன்மூளை வகையில் ஆரம்பத்தில் நினைவு பெரிதாகக் கெடாது, குணம் மாறும். அறுபத்தைந்துக்கு முன்பே வரக்கூடியது.

பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, கீழே விழுந்து தலைக்குள் மெல்லக் கசிந்த ரத்தம் ஆகியவையும் இதே வேஷத்தில் வரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்தால்தான் தெரியும். தென்காசி அரசு ஆஸ்பத்திரிக்கோ நெல்லை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ போகும்போது, சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எப்போது ஆரம்பித்தது, இடையில் எங்காவது விழுந்தாரா என்பதைக் கூட இருப்பவரே சொல்ல வேண்டியிருக்கும்.