போர் விமான மாதிரி: தேர்வும் திருத்தமும்

ஒரு போர் விமானத்தின் சிறு மாதிரியைத் தம் கையாலேயே செய்து மேஜைமேல் நிறுத்தப் பிரியப்படுகிறவர், பெட்டிகளைப் புரட்டத் தொடங்குவதற்கு முன்பாக, தாம் செய்ய உத்தேசித்திருப்பது எந்த வகை விமானம் என்பதோடு நில்லாமல், அந்த வகையிலும் எந்த எண்ணைத் தாங்கி, எந்தக் காலத்தில், எந்தத் தளத்தில் நின்ற விமானம் என்பதையும் ஒரு நல்ல புகைப்படத்தின் துணைகொண்டு தீர்மானித்துக்கொள்வாராயின், பிற்பாடு நேரக்கூடிய மனக்கிலேசங்களில் பாதி வராமலே போய்விடும். மூடியில் தீட்டிய வர்ணச் சித்திரம் மனத்தைக் கவர்ந்த ஒரே காரணத்துக்காக வாங்கிவிட்டு, வீட்டில் வைத்துப் பிரித்த பிறகுதான், இது நம் மலேசிய நாட்டு விமானமாக ஆகுமா என்று யோசிக்கிறவர்களே அதிகம்.

ஜாசின் வட்டாரத்தில், லேடாங் மலைக்கு மேற்கே, செம்பனையும் எஞ்சி நிற்கும் பால்மரமும் சூழ்ந்த நியாலாஸ் போன்ற ஊரில் இந்த முன்யோசனை இன்னும் அவசியம். பக்கத்து ஆசாஹானில் இராணுவப் பயிற்சித் திடல் இருப்பதனால் இவ்வூர்ப் பையன்களுக்குப் படை விஷயங்கள் முற்றிலும் அந்நியமானவை அல்ல; ஆனால் மாதிரி விமானம் விற்கும் கடை இங்கே ஏது? மலாக்கா பட்டணத்துக்குப் போனாலும் அலமாரிகளில் பெரும்பாலும் ஜப்பானிய ரோபோ பொம்மைகளே நிறைந்திருக்கின்றன. ஆகவே பெட்டியைத் திறந்து பாராமல், தபாலில் வரவழைத்தே வாங்க வேண்டியிருக்கிறது. கண்ணால் காணாத பொருளுக்கு வெள்ளியைக் கொடுக்கிறவன் விசாரித்துக் கொடுப்பதுதானே விவேகம்?

முதலில் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. 72-இல் ஒரு பங்கு, 48-இல் ஒரு பங்கு, 32-இல் ஒரு பங்கு என்று வழங்கும் விகிதங்கள் மனம்போன போக்கில் பிறந்தவை அல்ல. ஆறடி உயரமுள்ள மனிதன் ஓர் அங்குலமாகச் சுருங்கினால் அது 72-இல் ஒரு பங்கு. ஓர் அடி கால் அங்குலமாகச் சுருங்கினால் 48-இல் ஒரு பங்கு. அரச மலேசிய ஆகாயப்படையின் சுகோய் போர் விமானம் ஏறத்தாழ 22 மீட்டர் நீளமுள்ளதாகையால், 48-இல் ஒரு பங்கில்கூட அது 45 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்து, வீட்டிலுள்ளவர்களின் அதிருப்திக்கு ஆளாகும். ஸ்கைஹாக் விமானமோ இறக்கையின் அகலம் எட்டேகால் மீட்டரைச் சற்றே தாண்டிய சிற்றுரு. 72-இல் ஒரு பங்கில் உள்ளங்கையில் ஏந்திப் பார்க்கலாம். முதல் முயற்சிக்குச் சிறிய விமானத்தைப் பெரிய விகிதத்தில் எடுப்பதே உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

அந்த ஸ்கைஹாக்கையே இங்கே சற்று விஸ்தாரமாகப் பார்க்கலாம். ஏனெனில் நம் ஆகாயப்படையிலிருந்த ஸ்கைஹாக் தானே ஒரு திருத்தப்பட்ட விமானம். டக்ளஸ் நிறுவனத்தின் எட் ஹைன்மன் என்னும் நிபுணர், விமானங்கள் ஆண்டுக்கு ஆண்டு பருத்துக்கொண்டே போன ஒரு காலத்தில், தேவையற்ற எடையனைத்தையும் பிடிவாதமாகக் கழித்து வடிவமைத்த இது 1954 ஜூன் 22 அன்று முதன்முதலாகப் பறந்தது. கப்பல் தளத்துக்கான விமானங்களுக்கு வழக்கமாக இருக்கும் மடிக்கும் இறக்கைகூட இதற்கு வேண்டியிருக்கவில்லை. 1980-களின் தொடக்கத்தில் மலேசிய அரசாங்கம் அமெரிக்கக் கடற்படை பயன்படுத்தி ஒதுக்கிவைத்திருந்த சி, எல் வகை ஸ்கைஹாக்குகளில் 88-ஐ விலைக்கு வாங்கி, அவற்றிலிருந்து 40 விமானங்களை மட்டும் கிரம்மன் நிறுவனத்தைக் கொண்டு புதுப்பித்து, ஏ-4 பி.டி.எம். என்ற பெயரில் குவாந்தான் தளத்துக்குக் கொண்டுவந்தது. 34 விமானங்கள் ஒற்றை இருக்கையுடையவை. ஆறு இரட்டை இருக்கையுடையவை. பழைய உடலில், பிற்கால எம் வகைக்குரிய பல அம்சங்கள் சேர்க்கப்பட்டன. 1994-இல் பிரிட்டிஷ் ஹாக் விமானங்கள் வந்து இவற்றின் இடத்தைப் பெற்றன.

இந்த வரலாறு தெரிந்தவருக்கு எந்தப் பெட்டியை வாங்குவது என்பதும் தெரிந்துவிடும். சந்தையில் எளிதில் அகப்படுகிற ஈ, எஃப், எம் வகைப் பெட்டிகள் இதற்கு உதவமாட்டா. அவற்றுக்கு வேறு எஞ்சின், ஆகையால் காற்று உள்ளிழுக்கும் வாயின் உருவமே வேறு. சி வகையில் அந்த வாய் உடலோடு ஒட்டிப் பிறந்ததுபோல் இருக்கும், மூக்கும் குட்டை. வாயையும் மூக்கையும் வெட்டி மாற்றுவது மகா பிரயாசை. ஹாசேகாவா நிறுவனம் 48-இல் ஒரு பங்கில் சி வகையைத் தனிப் பெட்டியாகவே வெளியிட்டிருப்பதனால் அதை அடிப்படையாகக் கொண்டு, குறைவனவற்றை மட்டும் கூட்டுவதே யுக்தி. கடினமானதைப் பெட்டியிடம் விட்டுவிட்டு, எளிதானதை நம் கையில் எடுத்துக்கொள்வது என்னும் இந்த நியாயம் எந்த விமானத்துக்கும் பொருந்தும்.

கூட்ட வேண்டியவற்றில் பிரதானமானது முதுகிலுள்ள திமில். விமானியின் கண்ணாடிக் கூண்டுக்குப் பின்னால் மின்னணுக் கருவிகளை வைப்பதற்காக எழுந்த அந்தப் புடைப்பு எஃப் வகைப் பெட்டியில் உண்டு. நண்பர் எவராவது மிச்சம் வைத்திருந்தால் வாங்கிக்கொள்ளலாம், இல்லையேல் புட்டி என்னும் நிரப்புப் பசையை அடுக்கடுக்காகப் பூசி, நன்றாகக் காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்தே உருவாக்கலாம். திமிலின் அடிவிளிம்பு விமானத்தின் வளைந்த முதுகோடு எங்கும் இடைவெளியின்றிப் பொருந்தும்வரை, ஒவ்வொரு முறையும் தலைமயிர் அளவே தேய்த்து, வைத்துப் பார்த்து, மீண்டும் தேய்க்க வேண்டும். பால்மரம் சீவுகிறவர் பட்டையை மட்டும் மெல்லிய இழையாக எடுத்து, உள்மரத்தில் காயம் படாமல் கத்தியை நிறுத்துவதுபோல, இங்கேயும் நிறுத்தத் தெரிவதே சாமர்த்தியம். ஒட்டின தடம் மறைந்த பிற்பாடு, தேய்ந்து அழிந்துபோன தகட்டுக் கோடுகளை ஊசிமுனையால், நாடாவை அளவுகோலாக ஒட்டிக்கொண்டு, மறுபடி கீற வேண்டும். அவசரப்பட்டால் கோடு வளையும்.

அடுத்தது இறக்கையின் அடிப்புறம். சி வகைக்கு உடலின் கீழே ஒன்றும் இறக்கைக்கு ஒன்றுமாக ஆயுதம் தாங்கும் மூன்று கொம்புகளே. நம் விமானத்துக்கு வெளிப்பக்கத்தில் இரண்டு கூடுதலாக, ஆக ஐந்து. மூக்கின் அருகில் நீண்டிருக்கும் எரிபொருள் வாங்கும் குழல் நேரானதா, வளைந்ததா என்பதைப் புகைப்படத்தைப் பார்த்தே முடிவுசெய்க. மூக்கினுள் தூண்டில் ஈயக்குண்டுகளைப் பசைபோட்டு அடைத்து, அதன் பிறகே உடலின் இரு பாதிகளையும் இணைக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கலாகாது. நெட்டைக் கால்களின்மேல் நிற்கும் ஸ்கைஹாக், முன்பாரம் போதாவிட்டால், வாலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்துவிடும்.

சுகோயின் கதை வேறு. அங்கே ஆபத்து முழுவதும் தேர்விலேயே இருக்கிறது. 2007 முதல் 2009 வரை வந்துசேர்ந்து, கோங் கெடாக் தளத்தில் நிற்கும் 18 சுகோய் 30 எம்.கே.எம். விமானங்கள், இந்தியா வாங்கிய எம்.கே.ஐ. வகையின் தங்கைகள், விமானியின் இருபுறமும் முன்சிறகும், திசை திரும்பும் எஞ்சின் வாயும் உடையவை. சீனா வாங்கிய எம்.கே.கே. வகைக்கோ முன்சிறகும் இல்லை, திரும்பும் வாயும் இல்லை. வால் துடுப்புகளும் உயர்ந்து, உச்சி தட்டையாக இருக்கும். ஓர் எழுத்தே வித்தியாசம் என்று எண்ணி எம்.கே.கே. பெட்டியை வாங்கியவர், விமானத்தின் பாதியைத் தாமே செதுக்க நேரும். ரஷ்யாவின் ஸ்வெஸ்டா நிறுவனம் 72-இல் ஒரு பங்கில் செய்யும் சுகோய் 30 எஸ்.எம். வகை, இந்திய விமானத்தின் வழியிலேயே பிறந்ததாகையால் நமக்கு நெருங்கிய உறவு. இந்திய விமானத்தில் இஸ்ரேலியக் கருவிகள் இருந்த இடங்களில் நமதில் பிரெஞ்சுக் கருவிகள். ஏவுகணை வருவதை எச்சரிக்கும் தென்னாப்பிரிக்க உணரிகள் சிறு புடைப்புகளாகத் தெரியும். துளி பிளாஸ்டிக்கும் கூரிய கத்தியும் இருந்தால் அவை தீர்ந்துபோகிற வேலை.

நம் படையிலிருந்த மிக் 29 என் வகைக்கு முதுகு தட்டையானது. பருத்த முதுகுடைய பிற்கால வகைப் பெட்டியை ஒதுக்கிவிட வேண்டும், அவ்வளவே. ஆஸ்திரேலியா 1969 முதல் நமக்கு அன்பளிப்பாக அளித்த சபர் விமானமோ பார்வைக்கு அமெரிக்க சபர் போலவே இருந்து ஏமாற்றும். ஆஸ்திரேலியர்கள் அதற்குப் பிரிட்டிஷ் ஏவான் எஞ்சினைப் பொருத்தியதனால் உடலே ஆழமாகிவிட்டது. பக்கத்துக்கு மூன்று இயந்திரத் துப்பாக்கிகள் இருந்த இடத்தில் பக்கத்துக்கு ஒரு 30 மில்லிமீட்டர் பீரங்கிதான். துப்பாக்கித் துளைகளைப் புட்டியால் அடைத்தால் போதும் என்று தொடங்குகிறவர், மூக்கின் வாயைப் பெரிதாக்கும்போது தம் துணிச்சலைக் குறித்து வருந்துவார். இதற்கென்று ரெசினில் வார்த்த மாற்றுப் பாகங்கள் உண்டு. சோம்பல் என்று எண்ணாமல் அவற்றை வாங்கிவிடலாம்.

வர்ணத்துக்கு நம் சீதோஷ்ணமே பெரிய விரோதி. பிற்பகல் மழை பெய்து காற்றில் ஈரம் ததும்பும் வேளையில் லேக்கர் வர்ணத்தை ஏர்பிரஷால் தெளித்தால் மேற்பரப்பில் வெள்ளைப் புகை படர்ந்ததுபோல் ஆகிவிடும். வெயில் ஏறிய காலைப்பொழுதே அதற்கு உகந்தது. வர்ணம் காய்ந்த பின், சின்னமும் எண்ணும் அச்சிட்ட ஒட்டுப்படமாகிய டீகாலை ஒட்டுவதற்கு முன்னால் பளபளப்பான ஒரு பூச்சு அவசியம்; சொரசொரப்பான பரப்பில் ஒட்டினால் டீகாலின் அடியில் காற்று சிறைப்பட்டு வெள்ளி நிறம் தெரியும்.

நம் நாட்டு விமானத்துக்குரிய டீகால் மட்டும் பெரும்பாலும் பெட்டியிலிருந்து வராது. சபரின் காலத்து விமானத்துக்கு வெளிர்நீலச் சதுரத்தின்மேல் பதினான்கு முனை மஞ்சள் நட்சத்திரமே தேசியச் சின்னம். அந்தச் சின்னத்தின் அமைப்பு 1982-இல் மாறியது. ஆகவே விமானம் எந்த ஆண்டினது என்று முதலிலேயே தீர்மானித்திருந்தவருக்கு இங்கே தடுமாற்றம் இல்லை. ஸ்கைஹாக்கின் எம் 32, சுகோயின் எம் 52 என்னும் எண்களையும் சின்னத்தையும் கணினியில் வரைந்து டீகால் தாளில் அச்சிட்டுக்கொள்ளலாம். ஆனால் நிறமற்ற தாளில் அச்சிட்ட மஞ்சள், ஸ்கைஹாக்கின் பச்சை வர்ணத்தின்மேல் ஏறியதும் காணாமற்போய்விடும். நட்சத்திரத்தை வெண்ணிறத் தாளில் அச்சிட்டு, ஈரம் படாதிருக்கத் தெளிந்த வார்னிஷ் பூசிக் காயவைத்து, பதினான்கு முனைகளையும் கூரிய கத்தியால் சுற்றிலும் வெட்டியெடுத்தே ஒட்ட வேண்டும்.