முதுமையும் மருந்தும்

கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. ஊரிலிருந்து வரும் தாத்தா பாட்டியர் தம் மருந்துகளையும் உடன் கொணர்வர். இங்குள்ள மருத்துவரும் புதிய மருந்துகளை எழுதித் தருவார். குரோசின், டோலோ எனப் பெயர்கள் வேறாயினும் இரண்டிலும் உள்ளது பாராசிட்டமாலே. அறியாது இரண்டையும் உண்டால் அளவு மிகும். கல்லீரலுக்குத் தீங்கு நேரலாம்.

முதுமையில் சிறுநீரகம் தளர்வதால், மருந்துகள் பல உடலில் நெடுநேரம் தங்கும். மயக்கமும் தடுமாற்றமும் தோன்றலாம். 1991இல் அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்ஸ் குழுவினர், முதியோர்க்குத் தவிர்க்கத்தக்க மருந்துகளைப் பட்டியலிட்டனர்.

எனினும், எம்மருந்தையும் நாமாக நிறுத்தலாகாது. மாணவர்களே, மாத்திரை அட்டைகளைப் படித்து, மருந்துப் பெயர்கள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். அதனைக் கண்டு, வேண்டாதவற்றை மருத்துவரே குறைப்பார்.