சிற்றிசைக்குழுவின் பருவத்தைத் தாங்குவோர் யார்? செயின்ட் பால் நகரத்துப் பட்டறிவு

முன்னுரை

மேலைச் செவ்விசையில் ‘சேம்பர் ஆர்கெஸ்ட்ரா’ எனப்படும் சிற்றிசைக்குழு ஏறத்தாழ 20 முதல் 40 கலைஞர்களைக் கொண்டது. சிம்பொனிப் பேரிசைக்குழுவிலோ 80, 90 பேர் வரை இருப்பர். இலையுதிர்காலத்தில் தொடங்கிக் கோடையின் வாயிலில் நிறைவுறும் இக்குழுக்களின் கச்சேரித் தொடரைப் ‘பருவம்’ என்பர். அப்பருவத்தைத் தாங்குவோர் யார் என்னும் வினாவை, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துச் செயின்ட் பால் சேம்பர் ஆர்கெஸ்ட்ராவைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

புரவலரிடமிருந்து சந்தாதாரரிடம்

18ஆம் நூற்றாண்டில் இத்தகைய குழுக்களைப் பெரிதும் தாங்கியோர் அரச குடும்பத்தாரும் பிரபுக்களும் ஆவர். எஸ்டர்ஹாசி இளவரசர் நிக்கோலவுஸிடம் பணியாற்றிய யோசப் ஹைடன், 1772இல் தம் 45ஆம் சிம்பொனியை இயற்றினார். இளவரசர் கோடை மாளிகையில் நெடுநாள் தங்கிவிட்டதால், குடும்பத்தைப் பிரிந்திருந்த கலைஞர்கள் வாடினர். அவர்தம் குறையை ஹைடன் இசையாலேயே உணர்த்தினார் என்பர். அப்படைப்பின் இறுதியில் கலைஞர்கள் ஒருவர்பின் ஒருவராக எழுந்து செல்வர். எஞ்சுவோர் வயலின் கலைஞர் இருவரே.

1791இல் அதே ஹைடன் லண்டன் சென்றார். அங்கு யோகான் பீட்டர் சாலமன் நடத்திய கச்சேரித் தொடருக்குக் கேட்போர் முன்கூட்டியே சந்தா செலுத்தினர். ஒரு புரவலரின் இடத்தைப் பல சந்தாதாரர்கள் பெற்றனர்.

செயின்ட் பால் குழுவின் முயற்சி

1959இல் தோன்றிய இக்குழு, 2004இல் ஒரே இசை இயக்குநர் என்னும் முறையைக் கைவிட்டு, ‘கலைப் பங்காளிகள்’ பலரை அமர்த்தியது. நிகழ்ச்சிகளை வகுப்பதில் கலைஞர்களின் பங்கும் கூடியது. 2005இல் நுழைவுச்சீட்டு விலையைக் குறைத்தது. நகர அரங்கோடு அமையாது, குடியிருப்புப் பகுதித் தேவாலயங்களிலும் வாசித்தது. பின்னர், மாதக் கட்டணம் செலுத்திக் கச்சேரிகளைக் கேட்கும் உறுப்பினர் முறையையும் கொணர்ந்தது.

எண்ணிக்கையும் இசையும்

எனினும் சீட்டு வருவாய் செலவில் ஒரு பகுதியையே ஈடுசெய்யும். இதன் காரணத்தை வில்லியம் பாமோல், வில்லியம் போவன் ஆகிய பொருளியலறிஞர்கள் 1966இல் விளக்கினர். ஆலையில் குறைந்த உழைப்பால் மிகுந்த பொருளை ஆக்கலாம். ஹைடன் காலத்தில் நால்வர் அரைமணி நேரம் வாசித்த படைப்பையோ இன்றும் நால்வரே அரைமணி நேரம் வாசித்தாக வேண்டும். ஊதியம் உயரும், உழைப்புக் குறையாது.

இந்நெருக்கடி 2012 அக்டோபரில் கதவடைப்பாக வெடித்தது. 2013 ஏப்ரல் இறுதியில் உடன்பாடு காணுமுன் அப்பருவத்தின் பெரும்பகுதி வீணாயிற்று. உடன்பாட்டின்படி கலைஞர் எண்ணிக்கை 34இலிருந்து 28ஆகக் குறைந்தது. பேரிசைக்குழுவில் ஆறு பேரின் குறைவு ஓரளவு மறைந்துவிடும். ஒவ்வொரு வில்லின் ஒலியும் தனித்துக் கேட்கும் சிற்றிசைக்குழுவில் அது மறையாது. எனவே இங்கு ஆள்குறைப்பு என்பது கணக்கு முடிவு மட்டுமன்று. அது இசை முடிவுமாகும்.

முடிவுரை

2015இல் இக்குழு ஏறத்தாழ 1,100 இருக்கைகள் கொண்ட புதிய அரங்கில் வாசிக்கத் தொடங்கியது. மலிவான சீட்டு அவையைப் பெருக்கும். ஆயின் நன்கொடையின் தேவையையும் பெருக்கும். கேட்போர் வாங்குவோராக மட்டும் நின்றால் பருவம் நிலைக்காது. அவர்களே புரவலராகவும் அமைதல் வேண்டும் என்பதே செயின்ட் பால் நகரத்துப் பட்டறிவு உணர்த்தும் உண்மையாகும்.