கோடைச் சுற்றுலாவும் உடலின் வெப்பக் கணக்கும்

கோடை விடுமுறையில் ஒரு வேனை அமர்த்திக்கொண்டு குடும்பத்தோடு ஊர் பார்க்கக் கிளம்புவது நம்மிடையே பரவலான வழக்கம். மே மாதத்தில் அப்படி ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். முற்பகலில் தஞ்சைப் பெரிய கோயில். நண்பகலில் கும்பகோணத்தில் உணவு. பிற்பகலில் கடலோரத்துத் தரங்கம்பாடிக் கோட்டை. மொத்தம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். கும்பகோணத்தில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ் என்றும், தரங்கம்பாடியில் 34 டிகிரி என்றும் வைத்துக்கொள்வோம். இவ்விரண்டில் உடலுக்கு அதிகத் தொல்லை தருவது எது? கும்பகோணம் என்றுதான் பலரும் விடை சொல்வர். ஆனால் அந்த விடை எப்போதும் சரியாக இருப்பதில்லை. ஏன் என்று காண்போம்.

உடல் ஓர் அடுப்பு

நாம் உண்ணும் உணவு உடலில் எரிந்து வெப்பமாகிறது. மெதுவாக நடந்துகொண்டே சுற்றிப் பார்க்கும் ஒருவரின் உடலில் மணிக்குச் சுமார் 200 கிலோ கலோரி வெப்பம் உண்டாகிறது. இது வெளியேற வழியே இல்லை என்று கொண்டால், 60 கிலோகிராம் எடையுள்ளவரின் உடல் வெப்பநிலை ஒரே மணி நேரத்தில் 4 டிகிரி உயர்ந்துவிடும். அதாவது 37 டிகிரியிலிருந்து 41 டிகிரிக்கு! உயிருக்கே ஆபத்தான நிலை அது.

குளிர்ந்த நாளில் இந்த வெப்பம் தோலிலிருந்து காற்றுக்குத் தானே சென்றுவிடும். வெப்பம் எப்போதும் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கே பாயும். வெயிலில் நம் தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. காற்று 40 டிகிரியில் இருந்தால் பாய்ச்சல் திரும்பிவிடுகிறது. காற்றிடமிருந்து உடல் வெப்பத்தைப் பெறுகிறது. அப்போது எஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்வைதான்.

ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. இதையே ஆவியாதலின் உள்ளுறை வெப்பம் என்று பாடநூலில் படிக்கிறோம். மேற்சொன்ன 200 கிலோ கலோரியை வெளியேற்ற 350 மில்லி லிட்டர் வியர்வை போதும். வெயிலும் சுடுதரையும் சேரும்போது தேவை இன்னும் கூடுகிறது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஆவியாகும் வியர்வைதான் குளிர்விக்கும். சொட்டுச் சொட்டாக வழிந்து தரையில் விழும் வியர்வை உடலின் நீரையும் உப்பையும் கொண்டு போகுமே தவிர, வெப்பத்தைக் கொண்டு போகாது.

கோயில் முற்றத்தில்

1010ஆம் ஆண்டில் இராசராச சோழன் கட்டி முடித்த பெரிய கோயிலின் முற்றத்தில் வெறுங்காலுடன் நடந்தவர்களுக்குக் கல்லின் சூடு தெரியும். தஞ்சை வெப்ப மண்டலத்தில் உள்ளது. ஏப்ரல் 18ஐ ஒட்டி ஒருமுறையும், ஆகஸ்டு 25ஐ ஒட்டி மறுமுறையும் அங்கு நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. மே மாதத்திலும் அது உச்சியை விட்டு வெகுதூரம் விலகுவதில்லை. ஆகவே கதிர்கள் செங்குத்தாக விழுந்து கல்லைக் காய்ச்சுகின்றன. கல் மரத்தைக் காட்டிலும் பத்து மடங்குக்கு மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்துவதால், அந்தச் சூடு பாதத்தில் விரைவாக ஏறுகிறது. கோயில்களில் தேங்காய் நார் விரிப்பு போடுவதும், நடைபாதைக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பதும் இதனால்தான். நார் வெப்பத்தை எளிதில் கடத்தாது. வெண்மை ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும்.

நிறுத்திவைத்த வண்டி

கும்பகோணத்தில் எல்லோரும் சாப்பிட இறங்குகிறார்கள். தூங்கும் குழந்தையை எழுப்ப மனமில்லாமல் காரிலேயே விட்டுச் செல்ல நினைப்பவர்களும் உண்டு. இது மிகக் கொடிய தவறு. கண்ணாடி வழியே ஒளி புகுந்து இருக்கைகளைச் சூடாக்குகிறது. அவற்றைத் தொட்டுச் சூடான காற்று வெளியேற முடியாமல் அடைபட்டுக் கிடக்கிறது. 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மூடிய காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி உயர்ந்தது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணிக்குள்ளேயே ஏறிவிட்டது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்தும் பயன் இல்லை. சிறு குழந்தையின் உடல் பெரியவர்களின் உடலை விட விரைவாகச் சூடேறும். ஆகவே ஐந்து நிமிடம்கூட விடலாகாது.

கடற்கரையின் புதிர்

இப்போது தரங்கம்பாடி. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையின் முன் கடல்காற்று வீசுகிறது. வெப்பநிலை 6 டிகிரி குறைவு. ஆனால் சட்டை உடலோடு ஒட்டுகிறது, வியர்வை வழிகிறது, உலர்வதில்லை.

வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றில் வைத்தால் அது காட்டும் அளவே ஈரக்குமிழ் வெப்பநிலை. நீர் ஆவியாவதால் எந்த அளவுக்குக் குளிர முடியும் என்பதை அது சொல்கிறது. கும்பகோணத்தில் 40 டிகிரியும் ஈரப்பதன் 25 விழுக்காடும் இருந்தால் ஈரக்குமிழ் அளவு சுமார் 24 டிகிரி. தரங்கம்பாடியில் 34 டிகிரியும் 75 விழுக்காடும் இருந்தால் அது சுமார் 30 டிகிரி! ஏற்கெனவே நீராவி நிறைந்த காற்று வியர்வையை எளிதில் ஏற்பதில்லை. ஈரக்குமிழ் 35 டிகிரியை எட்டினால் மனிதர் தாங்க முடியாது என்று 2010இல் அறிவியலார் கணக்கிட்டனர். 2022இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நல்ல உடல்நலமுள்ள இளைஞர்களிடம் நடந்த சோதனைகளில், ஈரப்பதன் மிகுந்த சூழலில் ஏறக்குறைய 31 டிகிரியிலேயே உடல் வெப்பம் கட்டுப்பாட்டை மீறி ஏறத் தொடங்கியது. முதியவர்களுக்கு எல்லை இன்னும் தாழ்வு.

கடல்காற்று நின்றுவிட்டால் நிலைமை மேலும் மோசமாகும். காற்று வீசும்போது தோலை ஒட்டிய ஈரக் காற்று அகன்று, புதிய காற்று வருகிறது. விசிறியின் பயனும் இதுவே.

என்ன செய்யலாம்?

தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அவ்வப்போது நீர் பருக வேண்டும். வியர்வையில் உப்பும் போவதால் உப்பிட்ட மோரும் எலுமிச்சைச் சாறும் நல்லவை. தளர்ந்த பருத்தி ஆடை ஏற்றது. உலர்ந்த வெயிலில் முகத்தையும் கைகளையும் நனைத்துக்கொள்வது வியர்வைக்கு உதவியாகும். கோயில், கோட்டைகளைக் காலையிலோ மாலையிலோ பார்ப்பது நன்று.

தலைவலியும் மயக்கமும் வந்தால் உடனே நிழலில் அமர வேண்டும். பேச்சு குழறி, நினைவு தடுமாறி, உடல் 40 டிகிரிக்கு மேல் கொதித்தால் அது வெப்பத் தாக்கு. 108க்கு அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் உடல் முழுதும் நீரை ஊற்றி விசிற வேண்டும். நினைவு இழந்தவர் வாயில் நீர் ஊற்றக் கூடாது. மூச்சுக் குழலில் இறங்கிவிடும். நம் உடல் செய்ய இயலாமற்போன வேலையை, அதாவது நீரை ஆவியாக்கி வெப்பத்தை வெளியேற்றுவதை, அந்தச் சில நிமிடங்களில் அருகிலிருப்பவர்கள் செய்கிறார்கள். ஓர் உயிர் பிழைக்க அதுவே போதுமானதாக இருக்கலாம்.