தோல் போட்ட பிரேக்

1888 ஆகஸ்ட் மாதம். ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை அவரிடம் சொல்லாமலே எடுத்துக்கொண்டு கிளம்பினார். கூடவே இரண்டு மகன்கள். மூத்தவனுக்கு 15 வயது, இளையவனுக்கு 13. போகவேண்டிய ஃபோர்ட்ஸ்ஹைம் 100 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. அவ்வளவு தூரம் அதுவரை எந்தக் காரும் போனதில்லை!

வழியெல்லாம் மேடும் இறக்கமும். சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும் மரக்கட்டை பிரேக் தேய்ந்துகொண்டே வந்தது. பவுஷ்லாட் என்ற ஊரில் செருப்புத் தைப்பவர் ஒருவரைத் தேடிப்பிடித்து, கட்டையின்மேல் தோலை ஆணியடித்துத் தரச் சொன்னார் பெர்த்தா. இன்று காரில் இருக்கும் பிரேக் பேடுக்கு அந்தத் தோல்துண்டுதான் முன்னோடி.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பிள்ளைகளுக்கு இதைப் படித்ததும் ஒரு கேள்வி வரவேண்டும். நம் ஊரில்தான் இவ்வளவு தோல் இருக்கிறதே, இப்போது ஏன் அதைப் பிரேக்கில் போடுவதில்லை?

உள்ளங்கைகளை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், சுடும். காரில் டிஸ்க் என்னும் இரும்புத் தட்டு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிறது. பிரேக்கை மிதித்தால் இரண்டு பேடுகள் அதை இருபுறமும் இறுக்குகின்றன. அந்த உராய்வில் வேகம் வெப்பமாக மாறுகிறது. எவ்வளவு வெப்பம்? 1,000 கிலோ எடையுள்ள கார் ஏலகிரி மலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால், ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்துக்கும் மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் அளவு வெப்பம் பிறக்கும். மலையில் சின்ன கியரில் இறங்கச் சொல்வது இதனால்தான். வேகத்தைத் தடுக்கும் வேலையில் ஒரு பங்கை இன்ஜின் ஏற்றுக்கொள்ளும்.

குரோமில் பதனிட்ட தோலைச் சோதிக்க, டேனரியில் ஒரு துண்டைக் கொதிநீரில் போடுவார்கள். சுருங்காவிட்டால் பதம் சரி. கொதிநீர் 100 டிகிரிதான். தொடர்ந்து மிதித்த பிரேக்கோ 300 டிகிரியைக்கூடத் தாண்டும், அதில் தோல் கருகிவிடும். பிறகு ஆஸ்பெஸ்டாஸ் வந்தது. சூட்டைத் தாங்கியது, ஆனால் அதன் தூசி நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கியது. இன்றைய பேடுகளில் பிசின், இழைகள், உலோகத் தூள் எல்லாம் கலந்திருக்கின்றன. இந்தத் தூசியையும் வாயால் ஊதக்கூடாது.

பேடு தேய்ந்தால், பல கார்களில் அதிலுள்ள சிறு எஃகுத் தகடு டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். கனம் 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். வேலை தெரிந்த பெரியவர் வீட்டில் மாற்றினால் தள்ளி நின்று கவனியுங்கள். காருக்கு அடியில் மட்டும் போகாதீர்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைச் சற்றுத் தளர்த்துவார். தூக்கியபின் தளர்த்தப் பார்த்தால் சக்கரம் சுற்றிவிடும். ஜாக்கி நழுவக்கூடும் என்பதால் ஸ்டாண்டும் வைப்பார். புதுப் பேடு கனமானது, அதற்கு இடம் வேண்டும். ஆகவே பேடைத் தள்ளும் பிஸ்டனை மெல்ல உள்ளே அழுத்துவார். இடது, வலது இரு சக்கரங்களிலும் சேர்த்தே மாற்றுவார். இல்லாவிட்டால் கார் ஒரு பக்கமாக இழுக்கும்.

எல்லாம் மாட்டியபின் முதல் மிதிக்குப் பெடல் வெறுமனே கீழே போகும். உள்ளே போன பிஸ்டன் இன்னும் பேடைத் தொடவில்லை. பெடல் காலுக்குக் கெட்டியாகத் தெரியும்வரை பலமுறை மிதித்த பிறகே காரை நகர்த்த வேண்டும்.