பூவே வேண்டாத தேன், தேனுக்குப் பரிசே இல்லாத மாநாடு... தெரியுமா?

முதலில் ஒரு கணக்கு. ஒரு வேலைக்காரத் தேனீக்கு உழைப்புக் காலத்தில் ஆயுள் சுமார் ஆறு வாரம். அந்த ஆறு வாரமும் ஓயாமல் உழைத்து அது தயாரிக்கும் தேன் எவ்வளவு தெரியுமா? ஒரு டீஸ்பூனில் 12ல் ஒரு பங்கு! காலையில் வெந்நீரில் ஒரு ஸ்பூன் தேன் கலந்து குடிப்பவர்கள், 12 தேனீக்களின் வாழ்நாள் சம்பாத்தியத்தை ஒரே மடக்கில் விழுங்குகிறார்கள். (எடை குறைகிறதா என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.) இப்படித் துளித்துளியாகச் சேர்த்தே உலகத் தேனீக்கள் ஆண்டுக்குச் சுமார் 18 லட்சம் டன் தேன் கொடுத்துவிடுகின்றன. அதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு சீனாவில் மட்டும்.

சரி, தேன் எங்கிருந்து வருகிறது? பூவிலிருந்து என்றுதானே சொல்லப் போகிறீர்கள்? கொஞ்சம் பொறுங்கள்!

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்குள் தேன் பெட்டிகள் வரிசையாக நிற்கும். அங்கே தேனீக்கள் முக்கியமாகத் தேடிப் போவது பூவை அல்ல, இலையை! டிசம்பர், ஜனவரியில் ரப்பர் மரம் இலையை மொத்தமாக உதிர்த்துவிட்டு, செம்பு நிறத்தில் தளிர் விடுகிறது. ரப்பர் இலை மூன்று மூன்றாக இருக்கும் அல்லவா? அந்த மூன்றும் காம்போடு சேரும் இடத்தில் பொடிப்பொடியாகச் சில சுரப்பிகள் உண்டு. தளிர் முற்றும் நாட்களில் அவற்றில் இனிப்பு நீர் முத்து முத்தாகக் கட்டும். அதை உறிஞ்சத்தான் இவ்வளவு கூட்டம். மார்த்தாண்டம் தேன் என்று நாம் வாங்கி வரும் பாட்டிலில் பெரும்பாலும் இருப்பது இந்த இலைத்தேன்தான்.

துருக்கியில் கதை இன்னும் ஒரு படி மேலே. முலா மாகாணத்துப் பைன் காடுகளில், மரப்பட்டை இடுக்கில் ஒட்டிக்கொண்டு சாறு குடிக்கும் ஒரு பூச்சி இருக்கிறது. அது குடித்தது போக வெளியே தள்ளும் இனிப்புக் கழிவைத்தான் அங்கே தேனீக்கள் வழித்துக்கொண்டு போய்த் தேனாக்குகின்றன. உலகத்துப் பைன் தேனில் பெரும்பங்கு துருக்கியிலிருந்துதான் வருகிறது. ஐரோப்பாவில் நல்ல விலைக்கும் போகிறது. பூச்சியின் கழிவு என்று லேபிளில் யார் போடுவார்கள்? 2021ல் முலா காடுகள் தீப்பற்றி எரிந்தபோது, மரத்தோடு பூச்சியும் போய், தேன்காரர்களின் பிழைப்பும் போனது.

நீலத்தேன் தெரியுமா? 2012ல் பிரான்சின் ரிபோவில்லே ஊரில் தேனடையைத் திறந்தவர்கள் அரண்டுபோனார்கள். நீலமும் பச்சையுமாகத் தேன்! அருகில் ஓர் உயிரி எரிவாயு ஆலை. அங்கே வந்து கிடந்த வண்ண மிட்டாய்க் கழிவை நம் ஆட்கள் நக்கிவிட்டு வந்திருக்கிறார்கள். அந்தத் தேனை விற்க முடியவில்லை.

கிறுக்குத்தேன்? அதுவும் உண்டு! நேபாள மலைகளிலும் துருக்கியின் கருங்கடல் ஓரத்திலும் சில வகை ரோடோடெண்ட்ரான் பூக்களிலிருந்து வரும் தேனில் நஞ்சு இருக்கும். அளவு மீறினால் தலை சுற்றும், வாந்தி வரும், நாடித்துடிப்பு விழும். கி.மு. 401ல் அந்தப் பக்கமாக ஊர் திரும்பிய கிரேக்கப் படை வீரர்கள் அதைத் தின்றுவிட்டுத் தோற்ற படையைப் போலச் சுருண்டு கிடந்ததைத் தளபதி செனபோன் எழுதி வைத்திருக்கிறார். யாரும் சாகவில்லை.

இனி பெரிய சங்கதிக்கு வருவோம். தேனீ வளர்ப்பவருக்கு வருமானம் தேனிலிருந்துதான் வரவேண்டும் என்று கட்டாயமா? அமெரிக்காவுக்குப் போய்ப் பாருங்கள்!

உலகத்துப் பாதாமில் சுமார் 80 சதவீதம் கலிபோர்னியாவில் விளைகிறது. பிப்ரவரியில் அங்கே தோட்டங்கள் முழுவதும் ஒரே நேரத்தில் பூக்கும். சில வாரங்களில் எல்லாம் முடிந்துவிடும். அதற்குள் லட்சக்கணக்கான ஏக்கரில் பூவுக்குப் பூ மகரந்தம் மாற்றியாக வேண்டும். ஏக்கருக்கு இரண்டு பெட்டி என்று கணக்கு. உள்ளூர்ப் பூச்சிகளால் ஆகிற காரியமா? ஃபுளோரிடாவிலிருந்தும் டகோட்டாவிலிருந்தும் லாரி லாரியாகத் தேன் பெட்டிகள் கிளம்புகின்றன. ஒரு லாரியில் 400 பெட்டிக்கு மேல், மேலே வலை போர்த்தி. நாட்டில் வளர்க்கப்படும் தேனீக் கூட்டங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அந்த ஒரு மாதம் கலிபோர்னியாவில்தான் கூடாரம்! பெட்டிக்கு வாடகை சுமார் 200 டாலர், நம் பணத்தில் 17,000 ரூபாய் போல. அப்புறம் ஆப்பிள் தோட்டம், பிறகு வேறொரு பயிர் என்று ஊர் ஊராகப் பயணம். சீசன் வேலைக்குப் பஞ்சம் பிழைக்கப் போகும் கூலிகளுக்கும் இந்தத் தேனீக்களுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்தப் பாதாம் தேன் கசக்கும்! யாரும் வாங்குவதில்லை, தேனீக்களே தின்று தீர்க்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் பெட்டிக்கு இருக்கும் கிராக்கியில் திருட்டு வேறு. 2017ல் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ அருகே போலீசார் மீட்ட திருட்டுப் பெட்டிகள் சுமார் 2,500! கொட்டும் பூச்சியை ராத்திரியோடு ராத்திரியாகத் திருட முடிகிறது என்றால், திருடனும் தேனீ வளர்ப்பு தெரிந்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

இப்படித் தூக்கிக்கொண்டு போக வசதியாகப் பெட்டி அமைந்ததற்குக் காரணம் ஒரு பாதிரியார். பிலடெல்பியாவைச் சேர்ந்த லாங்ஸ்ட்ராத், 1851ல் ஒரு சின்ன விஷயத்தைப் பிடித்தார். கூட்டுக்குள் முக்கால் செ.மீ. போல இடைவெளி விட்டால் தேனீக்கள் அதை நடைபாதையாக விட்டுவைக்கின்றன. அதைவிடக் குறைந்தால் பிசின் வைத்து அடைத்துவிடும். கூடினால் அங்கேயும் அடை கட்டிவிடும். பெட்டிக்குள் மரச்சட்டங்களுக்கு நடுவே அந்த இடைவெளியை மட்டும் சரியாக விட்டார். சட்டத்தை உருவி எடுக்கலாம், தேனை எடுத்துவிட்டுத் திரும்பச் சொருகலாம், அடை உடையாது! நம் அடுக்குத்தேனீ உருவத்தில் சின்னது, அந்தப் பெட்டி அதற்குப் பெரிது. அதற்கேற்ற பெட்டியை இங்கே அமைத்தவரும் ஒரு பாதிரியார்தான்: திருச்சியில் இருந்த நியூட்டன். தென்னாட்டில் நியூட்டன் பெட்டி என்ற பெயர் அவரால் வந்தது.

தேனீக்கள் அழிந்துகொண்டே வருகின்றன என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அது? உலகில் வளர்ப்புத் தேனீக் கூட்டங்கள் 1961ல் சுமார் 5 கோடி, இன்று சுமார் 10 கோடி! ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்படியென்றால் சாவே இல்லையா? அதுவும் இல்லை. 2024-25 குளிர்காலத்தில் அமெரிக்காவின் பெரிய வளர்ப்பாளர்கள் பாதிக்கு மேற்பட்ட கூட்டங்களைப் பறிகொடுத்தார்கள். பிழைத்த கூட்டத்தை இரண்டாகப் பிரித்து, தனியே போனதற்குப் புது ராணியைக் கொடுத்து, வசந்தத்தில் எண்ணிக்கையைச் சரிக்கட்டிவிடுவார்கள். அதற்கான செலவு இந்த எண்ணிக்கையில் தெரியாது. அது தேன்காரரின் கடன் புத்தகத்தில் இருக்கும். நிஜமாகக் கவலைப்பட வேண்டியது கேட்க நாதியில்லாத காட்டுத் தேனீ இனங்களைப் பற்றி. உலகில் தேனீ வகைகள் மொத்தம் 20,000க்கு மேல். அவற்றில் நாம் பெட்டியில் வளர்ப்பது விரல்விட்டு எண்ணக்கூடியவற்றைத்தான்.

வளர்ப்புக் கூட்டங்களின் சாவுக்கு முதல் காரணம் வரோவா என்ற உண்ணி. ஒன்றரை மில்லிமீட்டர்தான். ஆனால் தேனீயின் உடம்பில் அது உட்கார்ந்தால், நம் முதுகில் சாப்பாட்டுத் தட்டு அளவு உண்ணி ஒட்டியிருப்பதற்குச் சமம்! அதன் பூர்வீகம் ஆசியா, நம் அடுக்குத்தேனீயின் கூடுதான். நம் தேனீக்கு அதோடு வாழப் பழக்கம் உண்டு. ஒன்றையொன்று சுத்தம் செய்து உண்ணியைக் கடித்துத் தள்ளிவிடும். ஐரோப்பியத் தேனீயை ஆசியாவுக்குக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்கள், உண்ணி அதன்மேல் தாவியது. 1987ல் அமெரிக்கா, 2000ல் நியூசிலாந்து. ஆஸ்திரேலியா மட்டும் தப்பித்திருந்தது. 2022 ஜூனில் நியூகாசில் துறைமுகக் கண்காணிப்புப் பெட்டிகளில் உண்ணி! சுற்றுவட்டாரத்தில் ஆயிரக்கணக்கான கூட்டங்களைக் கொன்று பார்த்தார்கள். 2023 செப்டம்பரில், இனி ஒழிக்க முடியாது, சேர்ந்து வாழ்வோம் என்று அரசே கைவிட்டது.

நம் தேனீ மட்டும் இரும்பு உடம்பா என்ன? 1991-92ல் தாய் சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியாவில் புகுந்தபோது, கேரளத்திலும் குமரியிலும் புழுக்கள் அறைக்குள்ளேயே செத்து, பெட்டி பெட்டியாகக் காலியாயின. தப்பிப் பிழைத்த கூட்டங்களை வைத்துத்தான் தொழில் மறுபடி எழுந்தது.

நோய்க் கதை போதும். தேன்கூட்டுக்கு மனிதனை வழிகாட்டிக் கூட்டிப் போகும் பறவை தெரியுமா? மொசாம்பிக்கின் நியாசா காட்டில் யாவோ மக்கள் ‘பிர்ர்ர்-ஹ்ம்’ என்று ஓசை எழுப்புவார்கள். தேன்வழிகாட்டிக் குருவி எங்கிருந்தோ வந்து, கிளைக்குக் கிளை தாவி, கத்திக் கத்தி, தேன்கூட்டு மரத்துக்கே கூட்டிக்கொண்டு போகும்! தேன் மனிதனுக்கு, மெழுகு குருவிக்கு. 2016ல் ஆராய்ச்சியாளர் கிளேர் ஸ்பாட்டிஸ்வுட் குழு சோதித்துப் பார்த்தது. வேறு ஓசைகள் எழுப்பியபோது கூடு கிடைத்த வாய்ப்பு சுமார் 17 சதவீதம். இந்த ஓசைக்கு 54! தான்சானியாவின் ஹட்சா மக்கள் இதற்கு விசிலடிக்கிறார்கள். அங்கங்கே குருவிக்கு அந்தந்த ஊர் ஓசைதான் புரிகிறது.

யானைக்குத் தேனீ என்றால் நடுக்கம். கென்யாவில் ஆராய்ச்சியாளர் லூசி கிங் வயலைச் சுற்றிக் கம்பியில் தேன் பெட்டிகளைத் தொங்கவிட்டார்; யானை கம்பியைத் தட்டினால் பெட்டி ஆடும், தேனீ கிளம்பும், யானை ஓட்டம்! இலங்கையிலும் செய்து பார்த்தார்கள்.

கடைசியாகக் கலப்படம். 2021ல் ஐரோப்பாவுக்குள் வந்த தேன் கிலோவுக்குச் சராசரி 2.17 யூரோ. அரிசியிலிருந்து காய்ச்சிய சர்க்கரைப் பாகு கிலோ 40 முதல் 60 சென்ட். மிச்சத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்! ஐரோப்பிய ஆணையம் 320 இறக்குமதி மாதிரிகளைச் சோதித்து 2023ல் வெளியிட்டது: 147 சந்தேகத்துக்குரியவை, 46 சதவீதம். நம் ஊரில் 2020ல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டுகளைச் சோதித்தபோது எல்லாச் சோதனையிலும் தேறியவை மூன்றே மூன்று. நிறுவனங்கள் மறுத்தன. பழைய சோதனைகளை ஏமாற்றவென்றே பாகு தயாரிக்கிறார்கள் என்பதால் ஆய்வகமும் கலப்படக்காரரும் மாறி மாறி ஓடிக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் மாட்டிக்கொள்வது நல்ல தேன் விற்பவர். பாகு விலைக்கு அவரால் இறங்க முடியுமா? உண்ணியையும் வைரஸையும் சமாளித்தவர்கள்கூட இந்த விலையிடம் தோற்றுப்போகிறார்கள் என்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய ஆச்சரியம்.

சர்வதேசத் தேனீ வளர்ப்போர் கூட்டமைப்பான அபிமோண்டியா 2025 செப்டம்பரில் கோபன்ஹேகனில் மாநாடு கூட்டியது. உலகத் தேனீ வளர்ப்பு விருதுகள் அங்கேதான். ஆனால் தேனுக்கு மட்டும் பரிசு கிடையாது என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார்கள். வரும் தேன் எல்லாம் அசல்தானா என்று முழுமையாகச் சோதித்துச் சொல்ல வழியில்லையாம்!